தண்ணீர் பாட்டில் இருந்த மூலை

வாளியக்காவுக்குக் குமட்டல் அவ்வளவு எளிதில் வராது. பள்ளிக்கூடத்தின் மூன்று மாடிக் கழிவறைகளையும் ஒரே ஆளாகக் கழுவி முடித்து, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தொட்டுத் தின்கிறவள் அவள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாந்தியெடுத்தால் மண்ணைப் போட்டு அள்ளிவிட்டு, பிள்ளையின் வாயைத் தன் முந்தானையாலேயே துடைத்துவிடுவாள். உனக்கெல்லாம் மூக்கே கிடையாதா அக்கா என்று வாசல் காவல்காரர் கேட்பார். மூக்கு இருந்தது. அது சுளிப்பதற்கு வேறு சங்கதிகள் இருந்தன.

விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தாளைப் புரட்டுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சிவிட்டு, யாரும் பார்க்காதபோது அந்தக் கையைப் புடவையில் துடைத்துக்கொள்கிறவர்களைக் கண்டாலும் ஆகாது. ஆனால் வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டாள். எந்நேரமும் கையில் வாளி இருந்ததால் வாளியக்கா ஆனாள். சொந்தப் பெயரைச் சம்பளத்தன்று மட்டும்தான் யாராவது கூப்பிடுவார்கள்.

புருஷன் வேலை தேடிப் போனவன் போனவன்தான். தையல்கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதில் அவளும் மகளும். மகளைக் குட்டி என்று கூப்பிடுவாள். இங்கே வேலை செய்கிறவளின் மகள் என்று குட்டிக்கு இதே பள்ளியில் இலவசமாக இடம் கொடுத்திருந்தார்கள். கொடுத்ததை மறக்கவிடவும் இல்லை. எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகும், தாழ்வாரத்தில் எதிர்ப்படும்போதெல்லாம், 'நல்லா படிக்கிறாளா, இடத்தை வீணாக்கிடப் போறா' என்று கேட்பார் தலைமையாசிரியை.

அந்த வருடம் பொது அறிவு வினாடி வினா இந்தப் பள்ளியில் நடப்பதாக முடிவானது. நான்கு பள்ளிகள் கலந்துகொள்ளும் போட்டி, பள்ளிக்கு இரண்டு பேர். இந்தப் பள்ளியின் சார்பில் ஒருவன் பள்ளி முதலாளியின் பேரன். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. இன்னொருத்தி குட்டி என்றதும் ஆசிரியர் அறையே நிமிர்ந்து பார்த்தது. சேதியைச் சொல்ல வாளியக்காவைக் கூப்பிட்டுவிட்ட தலைமையாசிரியை, கூட வந்த குட்டியின் கன்னத்தைக் கிள்ளினார். கழுவுகிறவளின் மகளும் மேடையேறுகிறாள் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று, பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக் காது இல்லாததுபோல ஆசிரியரிடம் சொன்னார். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். வாளியக்கா அதைப் பார்த்தாள். ஆனாலும் அன்றைக்கு மட்டும் அவளுடைய மூக்கு சுளிக்கவில்லை. மகள் மேடையில் உட்காரப் போகிறாள். எவள் எதில் கையைத் துடைத்தால் என்ன.

பயிற்சி கொடுத்தவர் பொது அறிவு ஆசிரியர். பிள்ளைகள் அவரைக் களஞ்சியம் சார் என்பார்கள். எதைக் கேட்டாலும் விடை சொல்வார், சொல்லிவிட்டு உதட்டை நக்கிக்கொள்வார். விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டுகிறவர்களில் அவர்தான் முதல் ஆள். அவருடைய கேள்வித் தாள்களின் ஓரமெல்லாம் நைந்து, பழுப்பேறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். குட்டி அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தால் வாளியக்கா ஒரு துணியால் பிடித்துத்தான் நகர்த்திவைப்பாள்.

மாலையில் பயிற்சி முடிந்து வந்த பிறகும் குட்டி ஓயவில்லை. துணிப் பெட்டிதான் அவளுக்கு மேசை. அதன்மேல் தன் தண்ணீர் பாட்டிலை வைப்பாள். கொஞ்ச நேரம் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். பிறகு பாட்டிலை எடுத்து இன்னொரு மூலையில் வைப்பாள். மறுபடி முணுமுணுப்பு, மறுபடி வேறு மூலை. பரபரப்பில் பிள்ளைக்குக் கை நிற்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள் அம்மா. ஒரு நாள் பாட்டில் சரிந்து பாதித் தண்ணீர் துணிகளில் கொட்டியது.

"ஏண்டி, பாட்டில ஒரு எடத்துல வச்சுட்டுப் படிக்கக் கூடாதா?"

"இதுவும் படிப்புதாம்மா," என்றாள் குட்டி. அம்மா சிரித்துவிட்டாள்.

ஆனால் படிக்கவும் செய்தாள், அதில் பொய் இல்லை. நூலகத்திலிருந்து பூச்சிகளைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்து தலைகீழ்ப் பாடமாகப் படித்தாள். ஒரு காலையில் சன்னலோரம் வைத்த ரொட்டியில் ஈ ஒன்று உட்கார்ந்து காலைக் காலோடு தேய்த்தது. அம்மா விரட்டப் போனாள். குட்டி கையைப் பிடித்து நிறுத்தி, "இரும்மா, ருசி பாக்குது. அதுக்குக் கால்லதான் ருசி தெரியும்," என்றாள். சாக்கடையில் வைத்த காலால் வந்து ருசி பார்க்குமா என்று அம்மா முகத்தைச் சுளிக்க, இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள். ஈ தின்ற ரொட்டி குப்பைக்குப் போனது.

போட்டிக்கு முதல் நாள் களஞ்சியம் சார் வாளியக்காவைத் தேடிவந்தார். வழக்கமாக அவளைத் தேடி வருவது வாந்தியெடுத்த பிள்ளையின் சேதி மட்டும்தான். மேடைக்குத் தண்ணீர் கொண்டுபோக ஆள் வேண்டும், நீதான் போகிறாய் என்றார். நல்ல புடவையாகக் கட்டிக்கொள்ளச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். கடைசி மேசைக்கு, அதாவது நம் பிள்ளைகளின் மேசைக்கு, ஒவ்வொரு சுற்றிலும் புது பாட்டில் போகவேண்டும். எங்கே வைக்கச் சொல்கிறாரோ அங்கேதான் வைக்கவேண்டும். கேமராவுக்குப் பெயர்ப்பலகை மறைந்துவிடக் கூடாதாம்.

"முன்னாடின்னா ஜனங்க பக்கம், பின்னாடின்னா பிள்ளைங்க பக்கம். இடது வலது உன் கைப்படி. புரியுதா?"

மகளின் பெயர்ப்பலகை மறையாமல் இருக்க இவ்வளவு யோசிக்கிறாரே மனுஷன் என்று வாளியக்காவுக்கு அவர்மேல் முதன்முதலாக ஒரு நன்றி வந்தது. பின்னால் அதை நினைத்தபோதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே துப்பவேண்டும்போல இருந்தது.

போட்டியன்று விடியற்காலையிலிருந்தே அவள் அரங்கத்தைத் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்தாள். பெற்றோர் வந்தார்கள், வேறு பள்ளி ஆசிரியர்கள் வந்தார்கள், பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து தலைமையாசிரியையுடன் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். மூன்றாவது வரிசையில் ஓர் ஆசிரியருக்குப் பொல்லாத இருமல். இரண்டாவது மேசைப் பிள்ளைகளுடன் வந்தவர் அவர். வாளியக்கா பாவம் பார்த்து ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் அவளை முறைத்துக் கையால் தள்ளிவிட்டார். தண்ணீர் அவள் புடவையில் சிந்தியது.

கேள்வி கேட்கிறவர் வெளியூர்க்காரர். கேள்விகள் திரையில் தெரியும். திரைக்கான கணினி மேடையின் பக்கவாட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால், களஞ்சியம் சார் கையில். ஒவ்வொரு மேசைக்கும் முறை வைத்துக் கேள்வி வரும், கேள்விக்கு ஏ, பி, சி, டி என்று நான்கு விடை தருவார்கள், சரியானதைச் சொல்லவேண்டும். நம் மேசை கடைசி. மூன்றாவது மேசை யோசித்துக்கொண்டிருக்கும்போது களஞ்சியம் சார் கணினியில் எதையோ எட்டிப் பார்ப்பார், உதட்டை நக்குவார், "பின்னாடி, இடது" என்பார். வாளியக்கா பாட்டிலைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பழைய பாட்டிலை எடுத்துவருவாள். உடம்பிலேயே பெரிய உறுப்பு எது என்று கேட்டார்கள். தோல் என்றான் முதலாளியின் பேரன். எந்தக் கோளில் ஒரு நாள் அதன் ஒரு வருடத்தைவிட நீளம் என்று கேட்டார்கள். வெள்ளி என்றாள் குட்டி. கூட்டம் கைதட்டியது. வாளியக்கா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

மூன்றாவது சுற்றில் பாட்டிலை முன்னால் வலது மூலையில் வைத்தாள். நகர்ந்துபோகும்போது மகளின் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினாள். திரையில் கேள்வி வந்திருந்தது. அரங்கமே திரையைப் பார்த்தது. பேரன் பாட்டிலைப் பார்த்தான். குட்டியும் பாட்டிலைப் பார்த்தாள். கேள்வி கேட்கிறவர் இரண்டாவது விடையைப் படித்து முடிப்பதற்குள், "பி" என்றான் பேரன். தம்பி, முழுசாப் படிக்கவாவது விடுங்க என்று அவர் சிரித்தார். கூட்டமும் சிரித்துக் கைதட்டியது.

துணிப் பெட்டியின் நான்கு மூலைகளும் வாளியக்காவின் கண்முன்னால் வந்து நின்றன. இதுவும் படிப்புதாம்மா.

அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று புரண்டு மேலே வந்தது. மாடிப்படியில் காய்ந்து கிடக்கும் எதுவும் அவளை இப்படிப் புரட்டியதில்லை. அவள் கை. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போன அந்தக் கையைத்தான் இவர்கள் பொறுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் கொண்டுவருகிறவளை யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான். குட்டியை மேடையில் ஏற்றியதும்கூட இந்தக் கையை இழுப்பதற்குத்தானோ என்னவோ. அதைவிட, பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அம்மா கொண்டுவந்து வைப்பாள், நாம் பார்த்துச் சொல்வோம் என்று ஒவ்வொரு மாலையும் எதிரில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருக்கிறது.

திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆசிரியரிடம் தானாகக் கேள்வி கேட்டாள்.

"சார், பாட்டில வேற எடத்துல வச்சா என்ன ஆகும் சார்?"

களஞ்சியம் சார் கணினியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "வச்சா உன் பொண்ணு தோத்துருவா. வேற ஒண்ணும் ஆகாது." கொஞ்சம் பொறுத்து, "அதுக்கப்புறம் எதுக்கு இலவசமாப் படிக்கிறான்னு நாலு பேர் கேப்பாங்க," என்றார். விரலை நாக்கில் தொட்டு ஒரு தாளைப் புரட்டினார். அந்த எச்சில் விரலாலேயே அடுத்த பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அடுத்த சுற்றுக்கும் அவர் சொன்ன மூலையில்தான் வைத்தாள். வைக்காமல் திரும்பிவரக் கால் துணியவில்லை. மகளின் கண் பாட்டிலோடு வந்து, பாட்டிலோடு மேசையில் இறங்கியது. அம்மாவின் முகம் இருக்கும் உயரத்துக்கு அது ஏறவே இல்லை. இந்தப் பார்வை இன்னும் எத்தனை காலம் இப்படியே மேசையைத் தேடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். பரிசு வாங்குவாள். பெரியவளாவாள். எந்த அறைக்குள் போனாலும் முதலில் மூலையைப் பார்ப்பாள். களஞ்சியம் சாரைப்போல உதட்டை நக்கிக்கொள்வாள்.

கடைசிச் சுற்று வந்தபோது நம் மேசையும் இருமல் ஆசிரியரின் மேசையும் சமமாக நின்றன. "பின்னாடி, இடது. சரியா வை," என்றார் களஞ்சியம் சார்.

வாளியக்கா போனாள். மேசைக்கு எதிரில் நின்றாள். நான்கு கண்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் மூடியைத் திருகித் திறந்தாள். தலையை அண்ணாந்து, பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, மடக் மடக்கென்று குடிக்க ஆரம்பித்தாள்.

முதலில் ஒரு சிரிப்பு வந்தது, பிறகு அரங்கம் முழுவதும் சிரித்தது. அக்காவுக்குத்தான் ரொம்பப் பதற்றம் போல என்று கேள்வி கேட்கிறவர் ஒலிபெருக்கியில் சொன்னார். சிரிப்பு இன்னும் கூடியது. வாளியக்கா நிறுத்தவில்லை. தண்ணீர் கழுத்தில் வழிந்து ரவிக்கையை நனைத்தது. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கீழே பார்த்தாள். மகள் இப்போது அவள் முகத்தைப் பார்த்தாள். முகமெல்லாம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். வாளியக்கா காலி பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு விடுவிடுவென்று திரைச்சீலைக்குப் பின்னால் வந்துவிட்டாள்.

களஞ்சியம் சார் சொன்னதெல்லாம் அவள் காதில் விழவில்லை. கேள்விதான் விழுந்தது. ஈ எதைக்கொண்டு சுவையை அறிகிறது? ஏ, கண். பி, இறக்கை. சி, கால். டி, உணர்கொம்பு.

வாளியக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். இது குட்டிக்குத் தெரியும். பாட்டில் வேண்டாம், களஞ்சியம் வேண்டாம், ரொட்டியில் உட்கார்ந்த ஈயே போதும். பிள்ளை தன் வாயால் சொல்லட்டும். அதற்கப்புறம் இந்தப் பள்ளி வேண்டுமானால் இடத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

"டி," என்றாள் குட்டி. "உணர்கொம்பு."

தவறு என்றார்கள். கேள்வி சமமாக நின்ற இரண்டாவது மேசைக்குப் போனது. மூன்றாவது வரிசையில் அந்த ஆசிரியர் விட்டுவிட்டு மூன்று தரம் இருமினார். சி, கால் என்றது இரண்டாவது மேசை. பரிசுக் கோப்பையும் அங்கேயே போனது.

வீடு வரும்வரை குட்டி அம்மாவுக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தாள். அறைக்கு வந்ததும் பையைத் துணிப் பெட்டிமேல் எறிந்தாள்.

"எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்ட. மாடு மாதிரிக் குடிக்கிற."

"உனக்கு எல்லாம் தெரியுமா?" என்று கேட்டாள் அம்மா. "என் கையப் பாத்துதான் சொன்னியா?"

"எல்லாரும்தான் பண்றாங்க. அந்த இருமல் சார் என்ன பண்ணாருன்னு நெனச்ச? ஒரு இருமல்னா ஏ, ரெண்டுன்னா பி. நீ அவருக்குத் தண்ணி வேற கொண்டுபோய்க் குடுக்கிற. எல்லாரும் பண்ணிக் கோப்பை வாங்குவாங்க, நாம மட்டும் ஒழுங்கா இருந்து தோக்கணுமா?"

வாளியக்காவுக்கு அந்தக் குரல் மகளின் குரலாகவே படவில்லை. உதட்டை நக்காததுதான் பாக்கி.

"ஒழுங்கா இருந்து எங்கடி தோத்த? கால்னு உனக்குத் தெரியாதா? எனக்கே சொல்லித் தந்தியே."

"தெரியும். ஈன்னு சொன்னதுமே தெரிஞ்சிருச்சு, கால்னு."

"அப்புறம் ஏன் மாத்திச் சொன்ன?"

"நீதான் பாட்டில டி-ல வச்சுட்டுப் போனியே," என்று கத்தினாள் குட்டி. "பின்னாடி வலது பக்கம். காலி பாட்டில். நான் படிச்சது தப்புபோலன்னு நெனச்சுட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. வாய் திறந்தபடி நின்றது. அம்மா சுவரோடு உட்கார்ந்தாள். காலி பாட்டிலை எந்த மூலையில் வைத்தோம் என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. கண்ணால் பார்த்ததை, கையில் எடுத்துப் படித்ததை, சிரித்துச் சிரித்துச் சொன்னதை, ஒரு காலி பாட்டிலுக்காகப் பிள்ளை தள்ளிவிட்டிருக்கிறது. திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. எழுந்து, பெட்டிமேல் கிடந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். அன்றைக்கு இருவரும் சாப்பிடாமலே படுத்தார்கள்.

மறுநாள் வாளியக்காவை அரங்கத்துப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. குட்டியின் இடத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. இரண்டாமிடம் வந்த பள்ளியும் அடுத்த போட்டிக்குப் போகலாமாம். களஞ்சியம் சார் தாழ்வாரத்திலேயே குட்டியை நிறுத்திச் சேதியைச் சொன்னார். முகத்தில் கோபத்தின் சுவடே இல்லை. வாளியக்கா சற்றுத் தள்ளித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை; அவளுக்குத் தெரிய வேண்டியது என்ன இருக்கிறது.

"இனிமே பாட்டில் கிடையாது," என்றார். "நானே முன்வரிசைல உக்காந்துக்கிறேன்." சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். நெற்றியைத் துடைத்தால் ஏ, மூக்கைத் துடைத்தால் பி என்று துடைத்துக் காட்டினார். கசங்கிக் கிடந்தது கைக்குட்டை.

குட்டி கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாளியக்காவின் கையில் துடைப்பம் நின்றுவிட்டது.

"நான் வரல சார்."

"ஏன்? உங்கம்மா சொல்லிக்குடுத்தாளா?"

"இல்ல சார். அம்மா ஒண்ணும் சொல்லல." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குத் தெரிஞ்சதே எனக்குத் தெரியாமப் போயிருது சார்."

களஞ்சியம் சார் சிரித்தார். உனக்கு மேடையேறக் கொடுத்து வைக்கவில்லை என்றார். கைக்குட்டையைப் பைக்குள் செருகிக்கொண்டு போனார்.

பள்ளி விடும் நேரத்தில் வாளியக்கா வகுப்பறைகளைப் பெருக்கிக்கொண்டு வந்தாள். பயிற்சி அறைக் கதவு பாதி திறந்திருந்தது. குட்டியின் நாற்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், குட்டியைவிடச் சின்னவள். எதிரில் களஞ்சியம் சார் மூக்கைத் துடைத்தார். "பி," என்றது பிள்ளை. காதைத் துடைத்தார். "சி," என்றது. சரியாகச் சொன்னதற்குக் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு சந்தோஷம்.

வாளியக்கா துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். சற்றுமுன் தானே தேய்த்துக் கழுவி வைத்த கழிவறைக்குள் போய்க் குனிந்தாள். குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்தாள். இத்தனை வருட வேலையில் இது முதல் தடவை. நின்றதும், வாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றி, மருந்துப் பொடி போட்டுத் தேய்த்து, தன்னுடையதைத் தானே கழுவினாள்.

நிமிர்ந்தபோது வாசலில் குட்டி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். பக்கத்தில் கை கழுவும் மேடை இருந்தது, அகலமாக, காலியாக. குட்டி பாட்டிலை அதன்மேல் வைக்கவில்லை. மூடியைத் திறந்து அம்மாவின் கையிலேயே கொடுத்தாள்.

"கொப்பளிம்மா. மெதுவா," என்றாள், முகத்தைப் பார்த்து.